கணக்கில் சேராத ஆறு ஞாயிறு

நான் இப்போது இருக்கிற வீட்டில் காலை பத்து மணிக்குச் சுவர் சிரிக்கத் தொடங்கும். ஐம்பது பேர், நூறு பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். ஒரே மாதிரி எழும்பி ஒரே மாதிரி அடங்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எழும்பும். அயர்லாந்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டில் விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த வாசலில் ஒரு வண்டி நிற்காது, ஒரு ஆள் போகவோ வரவோ மாட்டார். மூன்றாம் நாள் மகனிடம் கேட்டுவிட்டேன்.

"ஏலே அருளு, அந்த வீட்டுல எத்தனை பேருடா இருக்காக?"

"ஒரே ஒரு கெழவிதாம்மா. நோரான்னு பேரு. டிவி சத்தம் அது. சிரிப்பையும் சேத்தேதான் போட்டு விடுவாங்க."

"ஆளில்லாத சிரிப்பா?"

"எந்த எடத்துல சிரிக்கணும்னு நமக்குக் காட்டிக்குடுக்கத்தான்."

"நம்ம பக்கம் எழவு வீட்டுக்குக் கூலிக்கு மாரடிக்க வாரவுக மாதிரி."

"அதேதான்" என்று அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்க, செத்தவர்களோ இருக்கிறவர்களோ தெரியாத நூறு பேர் அவளைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள் என்பதைக் கேட்டதிலிருந்து, அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் என் முதுகு சில்லிட்டது.

நான் தங்கச்சிமடத்துக்காரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது கோயில் ஜெபப் புத்தகமும், மீன் பெட்டியில் சுற்றி வரும் பழைய தாளும்தான். இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன சொல்லைத் திருத்த வேண்டாம். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்வார்கள். அந்தப் பெருமை பொய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னைப் போல வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் வந்து கிடக்கிறவர்களும் படிக்கட்டும்.

மகனும் மருமகள் மரியாவும் நான்கு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தார்கள். மரியா நர்ஸ். வயதானவர்களை வைத்துப் பார்க்கிற ஹோமில் பன்னிரண்டு மணி நேர வேலை. போன வருஷம் கோடைகாலத்தில் என்னையும் கூட்டி வந்தார்கள். இங்கேயும் கடல் உண்டு, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆனால் இந்தக் கடலில் வாடை இல்லை. மீனை முள் எடுத்து, தலை எடுத்து, கண்ணாடித் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அது எந்த மீன் என்று கடையில் நிற்கிறவருக்கே எழுதி ஒட்டினால்தான் தெரிகிறது.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் அன்று, கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். நான் அடுப்படியில் கஞ்சிக்கு உலை வைத்துவிட்டு முன் அறைக்கு வந்தால், சுவரில் இருந்த டிவியை ஊதாத் துணி போட்டு மூடியிருந்தது. நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, சுருக்கம் இல்லாமல். அருள் கொஞ்சம் தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஊரு குரூப்புல போடப்போறேம்மா. அப்பா கட்டுன நோன்ப இங்கனயும் விடாமப் பிடிக்கிறோம்னு."

உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் நான் நகரவில்லை.

பாடுகளின் வாரத்தில் எங்கள் கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள். மாதாவும் சூசையப்பரும் அந்தோணியாரும் முகம் தெரியாமல் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளே வரவே பயப்படும். அந்த மாதிரித் துணியை நான்தான் முதன்முதலாக டிவிக்குக் கட்டினேன். அதற்கு முந்தின கதை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் டிவி வந்த காலத்தில் அதற்கு என்னைவிட அடிமையாகக் கிடந்தவள் யாரும் இல்லை. சாயங்காலம் ஏழரை மணித் தொடரைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தைப் பதினோரு நிமிஷத்தில் ஓட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். "என்னடி, மாதாவை இந்த ஓட்டம் ஓட விடுற? அவுகளுக்கும் மூச்சு வாங்காதா?"

கோயிலில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் நிதானமான மனுஷர். "அளவாப் பாருங்கம்மா. முதல்ல ஜெபம், அப்புறம் தொடர். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று ரோஷம் வந்தது. வருகிற தவக்காலம் முழுக்க டிவியே கிடையாது என்று ஊதாத் துணி எடுத்து மூடினேன்.

கருவாடு போடுகிறவள் நான். உப்புக் குறைந்தால் புழு வைக்கும், கூடினால் சதை வெந்து பொடியாகும் என்று கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்தது புத்திக்குத் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். மடத்துக் கன்னியர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு மூன்று வீட்டில் அவர்களும் துணி கட்டினார்கள். தொடர் பார்த்தபோது கிடைத்த சுகத்தைவிட இந்தப் பேச்சைக் கேட்பது எனக்கு இனித்தது. அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பேர் சூசை. விசைப்படகில் ஓட்டுநராக முப்பது வருஷம் இருந்தார். சிரிக்கிற மனுஷர். படத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் நாலு வீடு கேட்கச் சிரிப்பார். கடலுக்குப் போகாத நாளில் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பார்த்த காட்சியையே திரும்பப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தவக்காலத்தில் மட்டும் டீக்கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதவரை சரி என்று விட்டுவிட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ராமநாதபுரத்தில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டிவிக்கு எதிரே கட்டில் போட்டோம். அருள் அப்போது சென்னையில் வேலையாக இருந்தான், மாதம் ஒருதடவை வருவான். அவர் நாள் முழுக்க டிவியைப் பார்த்தபடி கிடப்பார். சிரிப்பு வராது, பாதி வாய் மட்டும் மேலே ஏறும். அவர் சிரிக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். மாசியில் விபூதிப் புதன் வந்தது. நான் துணியை எடுத்துக் கட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் இடது கையைத் தூக்கி டிவியைக் காட்டினார். நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு சொல் சொன்னார்.

"எடு."

நோய் வந்த பிறகு அவர் சொன்ன முதல் சொல் அது. எனக்கு விளங்காமல் இல்லை. நல்லா விளங்கியது. "தவக்காலமுல்ல? ஈஸ்டர் வரட்டும், எடுக்கிறேன்" என்றேன். மறுநாளும் காட்டினார். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்துக் கையைத் தூக்குவதை நிறுத்திக்கொண்டு துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பாதி வாய் மேலே ஏறுவதும் நின்றுபோனது.

நற்கருணை கொடுக்கச் சாமியார் வந்தார். இவர் புதிதாக வந்தவர், சின்ன வயது. துணியைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குக் கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டார். கதவோரத்தில் தெருப் பெண்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் சொன்னேன்: "அவுகளே விரும்பித்தான் சாமி. நானும் ஒறுத்தல் பண்றேன், மூடுன்னு சைகை காட்டுனாக." கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி அன்று காலையில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு எடுத்துருவேன். இன்னைக்கு ஒரு நாளுதான்" என்றேன். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டார். கண் மூடவில்லை. நான்தான் மூடினேன். எதைப் பார்த்தபடி அந்தக் கண் நின்றது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடக்கப் பூசையில் சாமியார் அந்தக் கதையைப் பிரசங்கமாக வைத்தார். படுக்கையில் கிடந்தும் தன் ஒரே மகிழ்ச்சியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த மனிதர் என்றார். கோயிலே அழுதது. அருள் என் தோளில் சாய்ந்து குலுங்கினான். அதுவரை பூசைக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை, அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்? நானும் ஒவ்வொரு தவக்காலமும் எந்தத் திரையையும் பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். ஊர் அதையும் பக்தி என்றது.

இப்போது அயர்லாந்தில், என் மகன் வீட்டில், அதே ஊதாத் துணி. வேறு கடைத் துணிதான். ஆனால் மத்தியானம் ஹீட்டர் காற்றில் அதன் ஓரம் லேசாக உப்பி அடங்கும். மூச்சு விடுவது போல இருக்கும். நான் அந்த அறைக்குப் போவதை விட்டுவிட்டு அடுப்படியிலேயே இருந்தேன். அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். அப்படித்தான் மரியாவைப் பார்த்தேன். வேலை முடிந்து ஏழே முக்காலுக்கு அவள் கார் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. காருக்குள்ளேயே இருந்து மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்து விழுந்து மாறியது. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். கண்ணாடியைத் தட்டினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"மாமி, அவருட்ட சொல்லிராதிய."

"ஏத்தா, இங்கன குளிருல ஒக்காந்தா பாக்குற?"

"இன்னைக்கு ரெண்டு பேரு போய்ட்டாக மாமி. ரெண்டு பேருக்கும் நான்தான் தொடச்சு விட்டேன். அப்படியே வீட்டுக்குள்ள வந்தா ராத்திரி கண்ணுக்குள்ளயே நிப்பாக. ஒரு இருபது நிமிஷம் காமெடி பாத்தா எனக்குச் சோறு எறங்கும். அவருட்டக் கேட்டேன். எங்கப்பா சாகக் கெடந்தப்பவே விட்டாரு, ஒனக்கு என்னன்னு கேக்குறாரு. மாமாவோட என்னைய நிறுத்தினா நான் என்ன பதில் சொல்ல?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "வா, சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மரியா வேலையிலிருந்து வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "ஹோம்லயே ஒரு ரூம் ஒழிஞ்சதும் தாராகளாம். தவக்காலம் முடியிற வரைக்கும் நான் அங்கனயே தங்கிக்கிறேன்" என்றாள். அருள் தலை நிமிராமல், "ஒன் இஷ்டம்" என்றான். என் பொய் அந்தத் தட்டுக்கும் அவன் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் பதினேழு இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய திருநாள், அவர்கள் நாட்டுப் பாதுகாவலரான புனித பாட்ரிக்குடையது. தவக்காலத்தின் நட்டநடுவில் வருகிறது. தெருவெல்லாம் பச்சை, மேளம், குடி, கூத்து. கோயில் சாமியாரே டிராக்டரில் ஏறி நின்று கையசைத்துக்கொண்டு போனார். இது என்ன கிறிஸ்தவ நாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நோரா கைத்தடியோடு வந்து கதவைத் தட்டினாள். தன் வீட்டைக் காட்டி, "டீ, டீ" என்று கூப்பிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வயதில் மூத்தவள் நடக்கமுடியாமல் வந்து கூப்பிடும்போது மறுப்பது மரியாதை இல்லை என்று போனேன்.

அவள் வீட்டில் டிவியில் ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. நேர்ச்சை இருக்கிறதே, நான் நாற்காலியைத் திருப்பி டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சுவரோரம் ஹீட்டர் இருந்தது. அவள், "கோல்டு? யூ கோல்டு?" என்று பதறி அந்த ஹீட்டரை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். "நோ, நோ, லென்ட்" என்று, தவக்காலத்துக்கு இவர்கள் சொல்கிற சொல்லைச் சொல்லி, டிவியைக் காட்டிக் கண்ணைப் பொத்தினேன். கண் வலி என்று புரிந்துகொண்டாள் போல, போய் ஒரு மருந்துக் குப்பியை எடுத்து வந்தாள். எனக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டி "லென்ட்" என்றதும்தான் அவளுக்கு விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தாள். தன் டீயில் மூன்று கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே, "டுடே நோ லென்ட்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பி, சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினாள்.

தவக்காலத்துக்காகச் சர்க்கரை விட்ட நாளை எல்லாம் அவள் பேனாவால் குறுக்கே அடித்திருந்தாள். பதினேழைச் சுற்றி வட்டம். அதற்கு முந்தின ஞாயிறுகளிலும் குறுக்குக்கோடு இல்லை, வட்டம்தான். வருகிற ஞாயிறுகளுக்கும் இப்போதே வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த வட்டங்களைத் தொட்டு, "சண்டே நோ லென்ட். நெவர்" என்றாள்.

படிப்பு இல்லாவிட்டாலும் எண்ணத் தெரியும் எனக்கு. நான் நின்றபடியே விபூதிப் புதனிலிருந்து புனித சனி வரைக்கும் விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு வந்தது. தவக்காலம் நாற்பது நாள் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. திரும்ப எண்ணினேன். வட்டம் போட்ட ஞாயிறுகளைத் தள்ளினேன். சரியாக நாற்பது.

அன்றைக்கு மரியா காரை நிறுத்தியதும் நானே போய் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஆமா மாமி. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளுல்ல? நோன்புக் கணக்குல சேராது. எங்க ஊருச் சாமியார் மறைக்கல்வியில சொல்லிருக்காரு" என்றாள். நான் போகாத வகுப்பு அது. ஆறு ஞாயிறு. கோயிலே என் வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுத்திருந்த ஆறு நாள். கானா ஊர்க் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்ட ஆண்டவர் அவர். அந்த ஆறு நாளில் சூசையின் பாதி வாய் மேலே ஏறுவதை அவர் என் மூலமாகத்தான் பார்க்க நினைத்திருப்பார். நான் நடுவில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். மரியா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள், சாயங்காலம் போவதாக இருந்தது.

"அருளு, ஒங்கப்பா டிவிய விடலடா. எடுன்னு கேட்டாக. ஒரு வாரம் கேட்டாக. நான் எடுக்கல. சாமியாருட்ட நான் பொய் சொன்னேன்."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "பேச்சே வரலயேம்மா அவுகளுக்கு?"

"வந்துச்சு. அந்த ஒத்தச் சொல்லு வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பூசைக்குப் போக ஆரம்பிச்சுட்ட."

மரியா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அருள் எழுந்து கையைக் கழுவினான். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்து கேட்டான்:

"என்ன பாக்கணும்னு கேட்டாக?"

"தெரியலடா. நான் கேக்கவே இல்ல."

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். மழையில் மூன்று மணி நேரம் துறைமுகத்தில் நடந்துவிட்டு வந்தான். முன் அறைக்குப் போய்த் துணியின் நாலு முடிச்சையும் அவிழ்த்து மடித்து அலமாரியில் வைத்தான். ரிமோட்டை மரியாவின் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த பெட்டியை உள்ளே தூக்கிப் போனான். மரியா டிவியைப் போடவில்லை. ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் போடுகிறாள். அவன் சில நாள் பக்கத்தில் உட்காருகிறான், சில நாள் எழுந்து போகிறான். மற்ற ஆறு நாளும் அவளாகவே அமர்த்தி வைக்கிறாள். என்னோடு அவன் தேவைக்கு மட்டும் பேசினான். நானும் கெஞ்சவில்லை. ஏழு வருஷம் வளர்த்த பொய்யை ஏழு நாளில் மன்னித்துவிட அவன் என்ன வானத்துச் சம்மனசா?

புனித சனி வந்தது. இங்கே சாயங்காலம் ஏழரை, வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். இங்கத்திய கோயில் வழிபாடு ஒன்பது மணிக்குத்தான். ஊரில் அப்போது நடுச்சாமம் தாண்டி ஞாயிறு பிறந்துவிட்ட நேரம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அருள் போனோடு வந்தான். ஊர்க் கோயில் பூசையை நேரலையில் போட்டிருக்கிறார்கள் என்றான். மணிச் சத்தம் கேட்டது. நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாக்கலயாம்மா? அங்கன ஈஸ்டர் வந்துருச்சு."

"இங்கன இன்னும் சனிக்கிழமைதானேடா."

"அப்பா இருக்கிற எடத்துல வந்துருச்சு" என்றான்.

போனை வாங்கினேன். பச்சை மின்விளக்கும் புகையுமாகத் தங்கச்சிமடம் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நின்றது. பெண்கள் புதுச்சேலையில் இருந்தார்கள். பீடத்துப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம் என்று எனக்குத் தெரியும், படத்தில் இருட்டாகத்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஜன்னலில் அயர்லாந்துச் சனிக்கிழமை வெயில் போகாமல் நின்றது. நாளைக்கு எடுத்துவிடுவேன் என்று நான் சொன்ன அந்த நாளை, கடலுக்கு அப்பால் அவர் புதைந்த மண்ணுக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு வர இன்னும் நாலரை மணி நேரம் இருக்கிறது. மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் போனைக் கீழே வைக்கவில்லை. சனிக்கிழமையில் நின்றபடி ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.